இன்னும் ஏறாதவர்கள்

வேன் வரட்டும், மெதுவாகவே வரட்டும், இன்றைக்கு என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டுதான் சுகந்தி போனைத் திறந்தாள். மற்ற நாளென்றால் மகளைக் கூட்டிப்போக லிஃப்டுக்குக்கூட நிற்காமல் நாலாவது மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வருவாள், மேலே லேப்டாப்பில் பாதி வேலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். இன்றைக்கு முன்னாடியே கீழே வந்து, அபார்ட்மென்ட் கேட்டை ஒட்டிய புங்கை மரத்தடியில், ஏதோ விசேஷ வீட்டுக்கு வந்தவள் மாதிரி தலையெல்லாம் சீவி நின்றுகொண்டிருந்தாள். விசேஷம்தான். அவள் எழுதிய செயலி இன்றைக்கு ஸ்கூல் விட்டு வருகிற ட்ரிப்பில்தான் முதல்முதலாக ஒரு நிஜ வண்டியில் ஓடுகிறது, அதுவும் அவள் மகள் தன்ஷிகா வருகிற அதே ஸ்கூல் வேனில். பெரிய ராக்கெட் சமாச்சாரம் ஒன்றுமில்லை. குழந்தை வண்டியில் ஏறும்போது கழுத்தில் தொங்குகிற கார்டை ஆயாம்மா போனில் காட்டினால் போதும், அதன் பெயர் கீழ்ப் பட்டியலிலிருந்து மேல் பட்டியலுக்குத் தாவிவிடும். மேலே ‘வண்டியில் இருப்பவர்கள்’, கீழே ‘இன்னும் ஏறாதவர்கள்’. ஒரே திரையில் ரெண்டும். ரெண்டு திரையாக வைக்கலாமே என்று ஆபீசில் பிரசாந்த் சொன்னபோது இவள்தான் பிடிவாதம் பிடித்தாள், பார்த்த மாத்திரத்தில் தெரியணும் சார், வந்தவங்களும் வராதவங்களும் ஒரே பார்வையில தெரிஞ்சாத்தானே அது உதவி, புரட்டிப் புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கு என்று. அதே திரை பெற்றோர் போனிலும் தெரியும். இப்போது இவளும் ஒரு பெற்றோர். ஆடிக் காற்று புழுதியை வாரிக் கண்ணில் அடித்தது, துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, சமைத்தவளே இலை போட்டு உட்காருகிற பூரிப்போடு அவள் திரையைப் பார்த்தாள்.

மேல் பட்டியல் அழகாக வந்திருந்தது. ஆதிரை, லோகித், சம்யுக்தா, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பச்சை நிறத்தில் ஒரு டிக். ஏறின வரிசைப்படி. திரை முழுக்கப் பெயர். தன்ஷிகா எங்கே என்று விரலால் மேலே தள்ளினாள், பெயர்கள் நகர்ந்தன, இன்னும் நாலைந்து பெயர் வந்தது, நின்றது. தன்ஷிகா இல்லை. சரி, கண்ணில் படாமல் போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து. லோகித், சம்யுக்தா, ஒரு நித்திலன், ஒரு பெயர் மட்டும் நீளமாக ரெண்டு வரிக்கு, கடைசிவரைக்கும் இல்லை. அப்படியானால் கீழே இருப்பாள், கீழ்ப் பட்டியலைப் பார்ப்போம் என்று மறுபடி தள்ளினாள். மேல் பட்டியல்தான் நகர்ந்தது. இன்னொரு தரம் தள்ளினாள். மேல் பட்டியல். திரையின் அடியில் விரல் வைத்துத் தள்ளினாள், ஓரத்தில் வைத்துத் தள்ளினாள், ரெண்டு விரலால் தள்ளினாள், எங்கே தொட்டாலும் மேல் பட்டியலே மேலேயும் கீழேயும் ஆடிக்கொண்டிருந்ததே தவிர, கீழ்ப் பட்டியல் தலைகாட்டவே இல்லை. அட கஷ்டகாலமே, என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன நிமிஷமே என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்தப் புரிதல் நேற்று வந்திருக்கக் கூடாதா. பட்டியல் என்பது ஒரு பேராசை பிடித்த ஜென்மம், உனக்கு எவ்வளவு இடம் வேணும் என்று அளவு சொல்லாமல் விட்டால் இருக்கிற இடம் பூராவும் எனக்குத்தான் என்று உட்கார்ந்துகொள்ளும். மேலே இருப்பது வளர வளரக் கீழே இருப்பதைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும், தள்ளியது மட்டுமில்லாமல் அங்கே போகிற விரலையும் தானே பிடித்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் கற்றுக்கொண்ட பாலபாடம். தெரியாமலில்லை, தெரியும், ஆனால் வீட்டில் சோதித்துப் பார்த்தபோது அவள் ஆறே ஆறு பெயர்தான் போட்டாள். இருபது பெயர் அடிக்க யாருக்குப் பொறுமை, அம்மா அப்பா அண்ணன் அண்ணி எல்லாரையும் போட்டு, மூணு பேரை மேலே ஏற்றி மூணு பேரைக் கீழே விட்டுப் பார்த்தாள், ரெண்டு பட்டியலும் சம்பந்திகள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தன, பிரசாந்தும் சூப்பர் என்றார், முடிந்தது கதை. ஆறு பேர் இருக்கிற வீட்டில் எல்லாமே ஒழுங்காகத்தான் நடக்கும்.

சரி, இது என்ன குடி முழுகிப்போகிற விஷயமா, ராத்திரி உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை, சரி செய்துவிடலாம், என்று அவள் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். ஆனால் தட்டிக்கொடுக்கிற கை பாதியில் நின்றது. காலையில் மயிலாத்தா அக்கா போன் செய்தது ஞாபகம் வந்தது. வேனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆயாம்மா அவர், சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தால் அதிகம், குழந்தைகளின் முகமும் பெயரும் இன்னும் பிடிபடவில்லை, அதனாலேயே இந்தச் செயலி வந்ததில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. “ஏனுங்க கண்ணு, மேல பேரு வந்துட்டாக் கெளம்பீர்லாமுங்களா?” என்று கேட்டார். “மேல பாக்காதீங்கக்கா, கீழ பாருங்க. கீழ ஒரு பேருகூட இல்லைன்னா வண்டிய எடுக்கலாம்” என்று இவள் சொன்னாள், டீச்சரம்மா மாதிரி, ரெண்டு தரம் சொன்னாள். கீழே பார்த்திருப்பார். பாவம், நன்றாகவே பார்த்திருப்பார். கீழே யாருமே இல்லை. திரையின் அடி விளிம்புவரைக்கும் பச்சை டிக், அதற்குக் கீழே போனின் கறுப்பு விளிம்பு, அதற்குக் கீழே அவருடைய கட்டை விரல். யாருமில்லாததுக்கும் யாரையும் காட்டாததுக்கும் பார்க்கிற கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரியும். சுகந்தியின் சின்ன வயசில் இப்படித்தான் ராஜாமணி அத்தையை விட்டுவிட்டு வந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு, பெரியப்பா பேரனுக்கு மொட்டை போட, ஒரு வேன் நிறைய ஜனம், உடுமலையில் டீக்கு நிறுத்தினார்கள். கிளம்பும்போது பெரியப்பா முன் சீட்டிலிருந்து கழுத்தைத் திருப்பி “எல்லாரும் ஏறியாச்சா?” என்றார், “ஏறியாச்சு!” என்று வண்டியே கத்தியது, சுகந்தி எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள், அப்போது அவளுக்கு ஏழு வயசு இருக்கும், கத்துவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் விடுவாளா. அத்தை டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தாள். ஏறியாச்சா என்று கேட்டால் ஏறினவன்தான் பதில் சொல்லுவான், ஏறாதவன் எங்கிருந்து சொல்லுவான், அந்தக் கேள்வியைத்தான் இத்தனை வருஷமாக எல்லா டூரிலும் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மடத்துக்குளம் தாண்டி யாருக்கோ பசித்தது, முறுக்கு டின்னைக் காணோம், டின் யார் மடியில் இருந்தது, அத்தை மடியில், அத்தை எங்கே. முதலில் முறுக்கைத்தான் தேடினார்கள். திரும்பிப் போனால் அத்தை கடை பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தாள், எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவளும் அவள்தான், என்னை வித்துப்போட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அவள் வேனில் ஏறவில்லை. நான் பஸ்ஸுலயே வந்தர்றேன் சாமி, உங்களுக்கு இடம் தாராளமா இருக்கட்டும் என்பாள். அத்தை அன்றைக்கு அந்த பெஞ்சில் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்டதில்லை, சுகந்தியும் கேட்டதில்லை.

காற்று கொஞ்சம் அடங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இளநீர்க்காரர் வெட்டின மட்டைகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார், ஒன்று நழுவி உருண்டு ரோட்டுக்கு வர, ஸ்கூட்டர்காரன் ஒடித்துத் திருப்பினான், திட்டிவிட்டுப் போனான். இந்த மட்டை இங்கே உருள்கிறதே, தன்ஷிகா எங்கே. மேலே இல்லையென்றால் கீழே, கீழே இருக்கிறாளா என்று பார்க்க வழியில்லை, வழியை அடைத்தவளே இவள்தான். இரு, இரு, பதறாதே, யோசி. எழுத்து பெரிசாக இருப்பதால்தானே இடம் போதவில்லை, எழுத்தைச் சின்னதாக்கினால். போனின் செட்டிங்ஸுக்குப் போய், கண் சரியாகத் தெரியாதவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்க வைத்திருக்கும் அந்தக் கோட்டை எதிர்ப்பக்கம் இழுத்தாள், இருப்பதிலேயே சின்னது, எறும்பு மாதிரி ஆயின எழுத்துகள். திரும்பி வந்து பார்த்தால் மேல் பட்டியல் சுருங்கி ஏறியிருந்தது. திரையின் அடியில், ஆமாம், ‘இன்னும் ஏறாதவர்கள்’. அதற்குக் கீழே தன்ஷிகா.

கால் நின்ற இடத்திலேயே நின்றது, மூளை மட்டும் ஸ்கூலுக்குப் போய் கேட்டைத் தாண்டி, வராண்டாவைத் தாண்டி, குழாயடிக்கும் பாத்ரூமுக்கும் ஓடி ஓடித் தேடியது. அப்புறம்தான் கார்டு ஞாபகம் வந்தது. நேற்று ராத்திரி கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று மகளின் கார்டைப் பையிலிருந்து எடுத்ததே இவள்தான், ஸ்கேன் ஆகிறதா, ஆகிறது, சபாஷ் என்று மேசையில் வைத்தாள், மவுஸ் பக்கத்தில், அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, மத்தியானம் காப்பி டம்ளரை அதன் மேல்தான் வைத்தாள். கார்டு இல்லாத குழந்தையை மயிலாத்தா அக்கா என்ன செய்திருப்பார், வா கண்ணு ஏறு என்று தூக்கி உள்ளே விட்டிருப்பார், பெயர் கீழேயே நின்றிருக்கும். அவ்வளவுதான். அதேதான். சுகந்திக்கு மூச்சு வந்தது. புங்கை மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தன்னைத் தானே நாலு வார்த்தை நன்றாகத் திட்டிக்கொண்டு, திரையைத் திரும்பப் பார்த்தாள். தன்ஷிகாவுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. முழு வரி இல்லை, பாதி. எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது, உடம்பு திரைக்கு அடியில் போய்விட்டது. தள்ளினால் மேல் பட்டியல்தான் அசைந்தது.

யாரோ ஒருத்தர். யாரென்று தெரியவில்லை. அதுவும் கார்டு மறந்த குழந்தையாகத்தான் இருக்கும், ஒரு வண்டிக் குழந்தைகளில் ரெண்டு பேர் கார்டை மறப்பது அதிசயமா, அதிசயமே இல்லை, நம்ம வீட்டிலேயே மறந்தாயிற்று. ஆனாலும் அந்தப் பாதிப் பெயர், பல்லில் சிக்கின நார் மாதிரி, நாக்கை அங்கேயே இழுத்தது. போன் பண்ணிக் கேட்டுவிட்டால். மயிலாத்தா அக்காவைக் கூப்பிட்டு என்ன கேட்பது, அக்கா, எல்லாரும் இருக்காங்களா என்றால் இருக்காங்க கண்ணு, நீங்க குடுத்த செல்லுதானுங்க சொல்லுச்சு என்பார். நான் குடுத்த செல்லு தப்புங்கக்கா என்று சொல்லவேண்டும். தங்கவேல் அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார், சாயங்காலத்துக்குள் பெற்றோர் குரூப்பில் வந்துவிடும், கம்ப்யூட்டர் எழுதுனவளுக்கே அவ புள்ள எங்கன்னு தெரியலையாம் என்று. ராத்திரி சத்தமில்லாமல் சரி செய்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். நினைக்கும்போதே தன் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சீ, என்ன ஜென்மம் நீ. கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, வேன் சத்தத்தில் எங்கே கேட்கும். எடுக்காததில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஸ்கூல் ஆபீசுக்கு அடித்தாள். பிஸி. பக்கத்து பிளாக் ரஞ்சிதா அப்போதுதான் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மகனை அழைக்க வந்தாள். “என்னக்கா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள். “ஒண்ணுமில்ல, வெயில்” என்றாள் சுகந்தி. வெயிலே இல்லை, மேகம் மூடிக் கிடந்தது. ரஞ்சிதா அண்ணாந்து பார்த்தாள்.

மஞ்சள் மூக்கு திருப்பத்தில் தெரிந்தது. வேன் நின்று, கதவு சரிந்து, ரஞ்சிதாவின் மகன் குதித்தான், அவன் பின்னால் தன்ஷிகா, ஒரு ஜடை அவிழ்ந்து, முட்டியில் மண்ணோடு, முழுசாக, உசிரோடு. “அம்மா, என் கார்டு எங்கம்மா, ஆயாம்மா கேட்டாங்க” என்றாள் இறங்கும்போதே. சுகந்தி அவளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். போதும். எல்லாம் சரியாகிவிட்டது, அவள் நினைத்த மாதிரியேதான் நடந்திருக்கிறது, கீழ்ப் பட்டியலில் இருந்த மகள் இதோ கையில் இருக்கிறாள், ஒன்று பொய்யென்றால் இன்னொன்றும் பொய்தானே. மயிலாத்தா அக்கா கதவைப் பிடித்துச் சிரித்தார். “செல்லு ஜோரா வேல செய்யுதுங்க கண்ணு. நீங்க சொன்ன மாதிரியே கீழ பாத்தனுங்க. ஒருத்தருமில்ல.” கதவு பாதி மூடிவிட்டது. தங்கவேல் அண்ணன் கியரைப் போட்டார். இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் வண்டி போய்விடும், போனால் அந்தப் பாதிப் பெயர் எங்கே போய் இறங்கும், யாருடைய அம்மா எந்தத் திருப்பத்தில் நின்று போனைத் தள்ளிக்கொண்டிருப்பாள். “நிறுத்துங்கண்ணா!” என்று கத்தினாள். தொண்டை கிழிகிற மாதிரி வந்தது, தன்ஷிகாவே திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். “அக்கா, அந்தச் செல்லு தப்புங்கக்கா. நான் தப்பா எழுதிட்டேன். கீழ ஆள் இருந்தாலும் அது காட்டாது.” ரஞ்சிதா வாயில் கை வைத்தாள். வைக்கட்டும். மயிலாத்தா அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல மெல்லப் போவதைச் சுகந்தி பார்த்துக்கொண்டே நின்றாள், அதைப் பார்ப்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். வியர்வையும் ஊறுகாய் டப்பாவுமாக ஒரு வாடை, எங்கே பார்த்தாலும் தலைகள், தூங்கிவழிகிற தலைகள், சண்டை போடுகிற தலைகள். எல்லாரும் இருக்கீங்களா என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினாள். “தங்கங்களா, தினமும் உங்க பக்கத்துல உக்காருறவங்க யாராச்சும் இன்னைக்கு இல்லையா?” என்றாள். மூணாவது வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண், வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டு, “மோனிஷ் இல்ல ஆன்ட்டி” என்றாள். “அவன் பேக் இருக்கு.” ஜன்னலோரம் ஒரு நீலப் பை உட்கார்ந்திருந்தது, நிமிர்ந்து, ஆள் உட்கார்ந்த மாதிரியே. “ஜன்னல் வழியா பேக்கப் போட்டுட்டு தண்ணி குடிக்கப் போனான். சீட்டு போட்டு வெச்சான்.” யூகேஜி பையன். கடைசி ஸ்டாப். அவன் அம்மா மில் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வந்து நிற்பவள், இன்னும் அரைமணி நேரத்துக்கு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. “அய்யோ சாமி” என்று மயிலாத்தா அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கவேல் அண்ணன் வண்டியைத் திருப்பினார். சுகந்தி மகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்படியே ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவள் போனைப் பார்க்கவில்லை. ஸ்கூல் ஆபீஸ் ஒருவழியாக எடுத்து, கேட்டில் பார்க்கச் சொல்கிறோம் என்றது, அதற்கப்புறம் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். வந்த வழியே திரும்பிப் போவது இத்தனை தூரமா, காலையில் கண் மூடித் திறப்பதற்குள் போகிற ரோடு இது, இந்தப் பேக்கரி இங்கேயா இருந்தது, இந்த சிக்னல் எப்போது வந்தது. மயிலாத்தா அக்கா அழவில்லை, முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். “தப்பு உங்க மேல இல்லீங்கக்கா” என்றாள் சுகந்தி. அவர் தலையை ஆட்டினார், நம்பின மாதிரி தெரியவில்லை. மோனிஷ் அழுதுகொண்டிருப்பான், அழட்டும், அழுதால்கூடப் பரவாயில்லை, ரோட்டுக்கு மட்டும் வந்துவிடாமல் இருந்தால் போதும், வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடிவராமல் இருந்தால் போதும். அவனைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று வரிசையாக வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். ஆன்ட்டிதான் கண்ணா தப்புப் பண்ணிட்டேன். இனிமே இப்படி நடக்காது. பயந்துட்டியா. எதை முதலில் சொன்னாலும் அடுத்தது அடிபட்டுப் போனது, அடுக்க அடுக்கச் சரிந்தது. தன்ஷிகா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

கேட்டுக்கு உள்ளே, வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில், தரை தொடாத காலை ஆட்டிக்கொண்டு மோனிஷ் உட்கார்ந்திருந்தான். முகம் காய்ந்திருந்தது, கன்னத்தில் கண்ணீர்க் கோடு எதுவும் இல்லை. வண்டியைப் பார்த்ததும் இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, வாட்ச்மேனுக்கு டாட்டா காட்டிவிட்டு, தினமும் ஏறுகிற மாதிரியே ஏறினான். மயிலாத்தா அக்கா அவனை வாரித் தூக்கி முகமெல்லாம் முத்தம் கொடுத்தார், அவன் நெளிந்து வழுக்கி இறங்கி நேராக மூணாவது வரிசைக்குப் போனான், நீலப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். சுகந்தி அவன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அடுக்கி வைத்திருந்ததில் “பயந்துட்டியாடா கண்ணா” என்பது மட்டும் எப்படியோ வந்தது. அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். “எதுக்கு ஆன்ட்டி? வாட்ச்மேன் அங்கிள்கூட அம்மாவுக்கு போன் பண்ணட்டுமான்னு கேட்டாரு, நான் வேண்டாம்னுட்டேன். நான்தான் சீட்டு போட்டு வெச்சிருக்கேனே, என்னை விட்டுட்டு எப்படிப் போவாங்க?”